இரண்டு இனிஷியல், ஒருத்தி

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் மைதாப் பசை வாடை வந்தது. எதிர்ச்சுவரில் இரண்டு பேர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாளியில் துடைப்பத்தை முக்கிச் சுவரில் இழுத்தான். மற்றவன் தாளை விரித்தான். யார் படம், என்ன செய்தி என்று நான் பார்க்கவில்லை. மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாவின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். பாண்டி பஜாரில் நம் பாத்திரக்கடை, அதன் பின்கட்டில் நம் வீடு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன்னால் நான் பசை கிண்டிக்கொண்டிருக்கிறேன். நீ பழுப்புக் காகிதத்தை நறுக்கி நறுக்கித் தரையில் போடுகிறாய்.

நீ போன பிறகு உன்னிடம் பேச வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. இருந்தபோது போனில் பிடித்தால், "காது சரியா கேக்கல மதினி, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவாய். எனக்குத் தெரியும், உனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. நான் பழைய பேச்சை எடுப்பேன் என்ற பயம். இனி அந்தச் சாக்கு செல்லாது. உட்கார்ந்து கேள்.

உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருநெல்வேலியிலிருந்து நான் தி.நகருக்கு வந்தபோது நீ கல்லூரி முடித்துவிட்டு அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாய். எவர்சில்வர் வந்து பித்தளையைக் கடையின் பின்வரிசைக்குத் தள்ளிக்கொண்டிருந்த சமயம். அறை நிறைய ஒரு மெஷின் இருக்கிறது, அது கணக்குப் போடுகிறது, அதற்கு ஓட்டை போட்ட அட்டைகளைத் தின்னக் கொடுக்க வேண்டும் என்று நீ சொன்னாய். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட எனக்கு அது போதும். உனக்குத் தூக்குச் சட்டியில் சோறு கட்டினேன். பஸ்ஸில் சிந்தாமல் கொண்டுபோ என்றேன்.

முதல் கார்டு வந்த நாளை நான் மறக்கவே இல்லை. தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா, சீமைலேர்ந்து கார்டு வந்துகீது. நைனா அண்டா குண்டாவெல்லாம் கப்பல்ல ஏத்துறாரா?"

"நாங்க எங்க ஏத்த? யாரு பேருக்குன்னு பாருங்க."

"மிஸ்டர் கே.ன்னு போட்டுகீது. யாரு, உங்க மாமனாரா?"

மாமனார் பேரின் முதல் எழுத்துதான் உன் பேருக்கு முன்னால் நின்றது. உன் பேர் ஆணா பெண்ணா என்று அந்த ஊர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் நீ வந்து அதைப் படித்தாய். கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

"என்னட்டி, யாருக்கும் ஒண்ணுமில்லயே?"

"இல்ல மதினி. நான் எழுதுன கட்டுரை ஒரு காப்பி வேணும்னு ஒருத்தன் கேக்கான். போலந்துக்காரன்."

"அவனுக்கு அது என்னத்துக்கு?"

"மெஷினுக்குள்ள நம்பரெல்லாம் குவியலா கெடக்கும் மதினி. அத வரிசையா அடுக்குறதுக்கு நான் ஒரு வழி சொல்லியிருக்கேன். அவன் அத வச்சு வேற ஒண்ணு செய்வான். செஞ்சு எழுதும்போது, இந்த வழி இன்னார் சொன்னதுன்னு கீழ என் பேரப் போடுவான்."

"நான் சொதி வைக்கும்போது, இது எங்க சித்தி பக்குவம்னு சொல்லுதேம்லா, அது மாதிரியா?"

"அதேதான். சித்தி பேரச் சொல்லாம வச்சா நீங்க திருடி."

அன்று நாம் இருவரும் சிரித்த சிரிப்பில் கடையிலிருந்து உன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

அந்தக் கட்டுரை அச்சான பத்திரிகையில் உன் பேருக்குக் கீழே நம் கடை விலாசம்தான் இருந்தது. நிலையத்தில் நீ அப்போது தற்காலிகம். அங்கே வரும் தபால் யார் யார் மேஜையிலோ கிடந்து காணாமல் போகும் என்று பயந்து, வீட்டு விலாசத்தைக் கொடுத்தாய். வீடும் கடையும் ஒன்று. உன் அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிற வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுவார். "உலகத்துல எந்தப் பாத்திரக்கட பேரு இப்படி அச்சுல வந்திருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்பார். இட்லிக் கொப்பரை வாங்க வந்தவர்கள் என்ன சொல்வார்கள்? கொப்பரைக்கு விலையைக் குறைக்கச் சொன்னார்கள்.

கார்டுகள் வர ஆரம்பித்தன. ஜெராக்ஸ் எல்லாம் இல்லாத காலம். கட்டுரை வேண்டுமென்றால் எழுதியவருக்கே கார்டு போட்டுக் கேட்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் உனக்கென்று தனியாக அச்சடித்துக் கொடுத்த பிரதிகளை நீ விலாசம் எழுதித் தருவாய். நான் பசை தடவி, உறை ஒட்டி, தபாலாபீசுக்கு நடப்பேன். ஹங்கேரி, ஜப்பான், கனடா என்று எனக்குத் தெரிந்த ஊரெல்லாம் அந்தத் தபால்தலைகளில் தெரிந்ததுதான். இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் கடைப் பலகைகளைப் பார்த்துப் பழகியிருந்தேன். அதிலும் உன் இனிஷியல் எனக்கு எங்கே இருந்தாலும் கண்ணில் படும். முதுகை நிமிர்த்தி நின்று ஒரு கையையும் ஒரு காலையும் முன்னால் வீசினாற்போல ஓர் எழுத்து.

உன் அம்மா சொன்னதையும் சொல்லிவிடுகிறேன், செத்தவரைப் பற்றி என்றாலும் சரி. "பொட்டப் பிள்ளைக்குக் கண்டவனெல்லாம் கார்டு போடுதான். மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை. உறை ஒட்டியது நானாம், அதனால் கெடுத்ததும் நானாம். அன்று நான் பதில் பேசவில்லை. பேசியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். பேசாததால் இன்றும் இருக்கிறது.

பிறகு மயிலாப்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. நம் ஊர்ப் பக்கத்து மனிதர்கள்தான். இங்கே வந்து வெகு காலம் ஆனவர்கள். உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்பட எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். கல்யாணம் முடிந்து ரேஷன் கார்டில் உன் பேரைச் சேர்த்த கையோடு, நிலையத்துக்கும் ஒரு விண்ணப்பம் அவரே எழுதி உன் முன்னால் வைத்தார். நீ கையெழுத்துப் போட்டாய். கே. போய் எஸ். வந்தது. தப்பு என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்படித்தான் மாறியது, எனக்கு முன்னால் என் அம்மாவுக்கும். தாலி ஏறினால் எழுத்து மாறும், அவ்வளவுதான். ஓட்டுச் சீட்டுக்கும் சர்க்கரை வாங்கவும் அது போதும். வேறெதற்காவது அது இடிக்கும் என்று நம்மவர்களில் யார் கண்டது?

உன் இரண்டாவது கட்டுரை எஸ். என்று அச்சாகி வந்தபோது நான் உன்னைக் கிண்டல்கூடச் செய்தேன்.

"ஏட்டி, வாயால சொல்லக் கூடாத பேரத் தலைல தூக்கி வச்சிக்கிட்டியே!"

"சும்மா இருங்க மதினி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வீட்டுக்காரர் பேரை நாம் யாரும் வாயால் சொன்னதில்லையே. உனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் கார்டுகள் பழைய எழுத்துக்கே வந்தன, பழைய விலாசத்துக்கே வந்தன. நான் பஸ் ஏறி, லஸ் முனையில் இறங்கி, உன் மாமியார் வீட்டுக்குக் கொண்டு வருவேன். ஒருநாள் அந்த அம்மாள் வாசலிலேயே வாங்கிப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"உங்க மருமகளுக்குத்தான்."

"எங்க மருமக எஸ்ஸுல்லா? இதுல கே.ன்னு இருக்கு. மிஸ்டர்னு வேற போட்டிருக்கு. உங்க வீட்டு ஆம்பளைக்கு வந்தத மாத்தி எடுத்துட்டு வந்துட்டிய போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று அவர் கொடுத்த காப்பியில் சர்க்கரை இல்லை. நானும் கேட்கவில்லை, குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

நிலையத்தில் உன் வேலையை நிரந்தரமாக்க ஆட்களைக் கூப்பிட்டுப் பேசியது அதற்கப்புறம்தான். நீ எத்தனை காலம் அதற்காகக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். பேசிவிட்டு நேரே மயிலாப்பூருக்குப் போகாமல் பட்டப்பகலில் கடைக்கு வந்தாய். கடையில் ஆட்கள் இருந்தார்கள். நீ பின்கட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டாய்.

"என்னட்டி ஆச்சு?"

"உங்க வேலைய உலகத்துல யாரு எடுத்து ஆண்டிருக்கான்னு கேட்டாங்க மதினி. அதுக்குன்னு லைப்ரரியில பெரிய பெரிய புஸ்தகம் இருக்கு. யாரு யாரப் பத்தி எழுதியிருக்காங்கன்னு பேர் வாரியா போட்டிருக்கும். டெல்லிலேர்ந்து வந்தவர் அதப் பாத்துட்டு வந்திருக்கார். எஸ்.ஸுல ஒண்ணுமே இல்ல."

"கே.ல?"

"கே.ல நெறைய இருக்கு. அது வேற ஆளுங்காங்க."

"நாந்தான்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேன். சிரிச்சாங்க. அந்தக் கட்டுரைல நெலையத்துப் பேரே இல்ல, பாத்திரக்கட விலாசம் இருக்கு. ஒரு பாத்திரக்கடைக்காரர் எழுதுனத நீங்க உங்களுதுன்னு சொல்லுதீங்களேம்மான்னு கேட்டாங்க."

உன்னை முதலில் சேர்த்துக்கொண்ட தலைவர் அதற்குள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். இருந்தவர் புதியவர். கே.யையும் எஸ்.ஸையும் ஒருசேரப் பார்த்தவர் அங்கே ஒருவருமில்லை.

நான் பீரோவைத் திறந்து உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். பெண் பேருக்கு முன்னால் கே., மாப்பிள்ளை பேர், அடியில் நம் கடை விலாசம். மூன்றும் ஒரே தாளில், மஞ்சள் தடவி. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். நீ வேண்டாம் என்றாய். மறுநாள் உன்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு நானும் அடையாறுக்கு வந்தேன்.

அந்தப் புதிய தலைவர் மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று எனக்கு நாற்காலி காட்டினார். பத்திரிகையைப் பிள்ளையார் சுழியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தார்.

"நான் நம்பறேம்மா. ஆனா இது கல்யாணத்துக்குத்தானே ஆதாரம்? கட்டுரைக்கு ஆதாரம்னு நான் எப்படி டெல்லிக்கு அனுப்பறது?"

"ரெண்டும் ஒரே பொண்ணுதான் சார். நான் வளத்தவ மாதிரி. நான் சொல்லுதேன்."

"நீங்க சொல்றது சரிம்மா. நீங்க சொன்னதை நான் எந்தக் காகிதத்துல போடறது?" என்றவர் உன் பக்கம் திரும்பினார். "பேர் மாத்தினதை கெஜட்ல போட்டீங்களா?"

"பேர மாத்தலயே சார். இனிஷியல்தானே."

அவர் பத்திரிகையை மடித்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அந்த இரண்டு கை மரியாதையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

பஸ்ஸுக்கு நிற்கும்போது உனக்கு அழுகை வரும் என்று முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். நீ அழவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "விடுங்க மதினி. யோசிச்சுப் பாத்தா, எனக்கே அவ வேற யாரோ மாதிரிதான் இருக்கு. அவளுக்கு நல்லா நடக்கட்டும்."

உன்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டவர்கள் உன்னைத் தெரியாதவர்கள். நீ உன்னைத் தெரிந்தவள். நீயும் அவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டாயே. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான்; வேறொன்றுமில்லை. மறுபடியும் கே. என்றே எழுது என்று நான் எத்தனை தரம் சொன்னேன்? "ஆபீஸ்ல எஸ்ஸுன்னு ஆயிப்போச்சு, வீட்டுலயும் வருத்தப்படுவாங்க" என்பாய். பிறகு மந்தைவெளிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனாய். அதற்கப்புறம் நீ ஒரு வரி எழுதவில்லை, கே.யும் இல்லை, எஸ்.ஸும் இல்லை.

கார்டுகள் மட்டும் கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தன. நான் உன் வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே என் பையைப் பார்ப்பாய். குரலைத் தாழ்த்திக் கேட்பாய்: "அவளுக்கு ஏதாவது வந்துச்சா மதினி?"

கல்யாணமாகாமல் நம்மோடே தங்கிவிட்ட இன்னொருத்தியைப் பற்றி விசாரிப்பது போல இருக்கும். வந்ததை எடுத்துத் தருவேன். ஊரின் பேரைப் படிப்பாய், தபால்தலையைத் தடவுவாய், திருப்பி என்னிடமே கொடுப்பாய். "நீங்களே அனுப்பிருங்க. விலாசம் உங்களுக்குத் தெரியாதா என்ன?" பிரதிகள் தீரும் வரைக்கும் நானே எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து அனுப்பினேன். தீர்ந்த பிறகு வந்த கார்டுகளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு நாள் கார்டும் நின்றது. ஜெராக்ஸ் வந்துவிட்டது என்று நீ சொன்னாய். மறந்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

மறக்கவில்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி வந்திருந்தாள். அவளும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். உன்னை அவளுக்கு அத்தைப் பாட்டியாக, முறுக்குச் சுற்றத் தெரியாதவளாகத்தான் தெரியும். நான் சும்மா இருக்க மாட்டாமல் உன் பேரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, அந்தப் போனில் தேடு என்றேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தவள், "பாட்டி, இது ரெண்டு பேரால்ல இருக்கு?" என்றாள்.

"எப்படிட்டி ரெண்டு பேரு?"

"கே. போட்ட ஒருத்தர், எஸ். போட்ட ஒருத்தர். எஸ். எழுதினதை யாரும் பெருசா எடுத்துச் சொல்லலை. கே.யோடதை இந்த வருஷம்கூட ஒருத்தங்க சொல்லியிருக்காங்க. பிரேசில்ல. யாரு பாட்டி இந்தக் கே.? சூப்பர் ஆளு போல."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அழுகை கிட்டத்திலேயே இருக்கிறது. சேர்த்துவிடலாமே பாட்டி, ரெண்டும் ஒரே ஆள்னு சொல்ல இதுல வழி இருக்கு என்று பரபரத்தாள். அப்புறம் எதையோ படித்துவிட்டு போனைக் கீழே வைத்தாள்.

"என்னட்டி?"

"அவங்களே வந்து, இது நான்தான்னு சொல்லணுமாம் பாட்டி."

நீ அன்றைக்கே நிலையத்தில் அந்த டெல்லிக்காரர் முன்னால் சொன்னவள்தானே. சிரித்தார்கள். இப்போது கேட்கிறார்கள், நீ இல்லை.

பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். அவளுக்கு நான் சொல்லித் தெரியும். பார்த்துத் தெரிந்தவர்கள் என்று விரல் மடக்கினால், உன் அண்ணன் இல்லை, உன் வீட்டுக்காரர் இல்லை, உன் அம்மா இல்லை, அந்தத் தபால்காரர் இல்லை. கே.க்கு வந்த கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்ததும், எஸ். கட்டுரையைக் காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டதும் ஒரே பெண்தான் என்று கண்ணால் கண்டது நான் ஒருத்தி. உன் பிள்ளையிடம் இதைச் சொன்னால், "எதுக்கு அத்தை இப்ப அதெல்லாம்" என்கிறான். உன் குரலேதான் அவனுக்கு.

டெல்லிக்காரர் உயிரோடு இருக்க மாட்டார். பத்திரிகையை மடித்துக் கொடுத்தவரும் இருக்க மாட்டார். ஆதாரம் கேட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆதாரம் மட்டும் இந்த மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறது. காலையில் எழுந்து பல் தேய்த்து, தனக்கு மட்டும் ஒரு டம்ளர் காப்பி போட்டுக்கொண்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று.